குழல் விரிப்பு மருந்துகளின் வரலாறு: நிவாரணமும் நோயும் பற்றிய ஒரு நோக்கு

மூச்சு இயல்பாக நிகழும்வரை அதனை ஒருவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அது தடைப்படும்போதோ வேறெதனையும் எண்ண இயலாது போகின்றது. ஈழத்துத் தமிழ் வழக்கிலே தொய்வு எனவும் முட்டு எனவும், தமிழ் மருத்துவ மரபிலே இரைப்பு எனவும் வழங்கப்படும் ஆஸ்த்துமா நோய், மனிதன் மிகப் பழைய காலந்தொட்டு அறிந்திருக்கும் நோய்களுள் ஒன்றாகும். அந்நோயினால் ஏற்படும் மூச்சுத் திணறலை நீக்கும் பொருட்டு அவன் கைக்கொண்ட மருந்துகளின் வரலாறு, மருத்துவ விஞ்ஞானத்தின் வெற்றி வரலாறுகளுள் ஒன்றாகவே பெரும்பாலும் எழுதப்பட்டு வந்துள்ளது. அவ்வாறு எழுதப்படுவதற்கு நியாயமும் உண்டு. எனினும் இவ்வரலாற்றை ஊன்றி நோக்குமிடத்து, வெற்றி என்ற சொல்லுள் அடங்காத இரு அத்தியாயங்கள் அதனுள் இருத்தலைக் காணலாம். 1960 களிலே பிரித்தானியாவிலும் வேறு சில நாடுகளிலும், 1976 ஆம் ஆண்டின் பின்னர் நியூசிலாந்திலும், மூச்சை எளிதாக்கும் மருந்தின் பாவனை பெருகிய காலத்திலேயே மூச்சுத் திணறலால் இறந்தோரின் தொகையும் பெருகியது. இம்முரண்பாடு எவ்வாறு தோன்றிற்று, அது எவ்வாறு வெளிப்படுத்தப்பட்டது, அதிலிருந்து மருத்துவ உலகு எதனைக் கற்றுக்கொண்டது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரலாற்றினுள் நுழையுமுன் நோயின் இயல்பைச் சுருக்கமாக நோக்குதல் வேண்டும். தொய்வு தாக்கும் வேளையில் நுரையீரலின் சிறு மூச்சுக்குழல்களிலே மூன்று மாற்றங்கள் நிகழ்கின்றன. குழலைச் சூழ்ந்துள்ள மழமழப்பான தசை இறுகுகின்றது. குழலின் உட்படை அழற்சியுற்று வீங்குகின்றது. தடித்த சளி சுரந்து குழலை அடைக்கின்றது. இம்மூன்றனுள் முதலாவது சில நிமிடங்களில் மாறக்கூடியது. ஏனைய இரண்டும் மணிக்கணக்காகவும் நாட்கணக்காகவும் வளர்ந்து, அவ்வாறே மெல்லத் தணிபவை. குழல் விரிப்பு மருந்துகள் எனப்படுவன இறுகிய தசையைத் தளர்த்துவன. வீக்கத்தையும் சளியையும் அவை பெரும்பாலும் தீண்டுவதில்லை. நோயாளி உணரும் நிவாரணம் முதலாவது மாற்றத்தோடு தொடர்புடையது. நோயாளியின் உயிருக்கு நேரும் ஆபத்தோ மற்றைய இரண்டோடும் பெரிதும் தொடர்புடையது. பின்வரும் வரலாறு முழுவதற்கும் அடிப்படையாய் அமைவது இவ்வேறுபாடேயாகும்.

மூலிகைப் புகையும் தேயிலையும்

ஊமத்தை இலையின் புகையை உள்ளிழுத்து இரைப்பைத் தணிக்கும் முறை இந்தியாவிலே நெடுங்காலமாக வழங்கி வந்தது. இம்முறை ஐரோப்பாவைச் சென்றடைந்த வழி தமிழர் வாழ்ந்த நிலத்தினூடாகவே அமைந்தது என்பது குறிப்பிடத்தக்கது. கிழக்கிந்தியக் கம்பனியின் சென்னை மாகாணத்தில் தலைமை வைத்தியராகவும் தாவரவியல் ஆர்வலராகவும் விளங்கிய ஜேம்ஸ் அண்டர்சன் என்பார் இவ்வழக்கத்தை அறிந்து கையாண்டார். 1802 ஆம் ஆண்டளவில் ஜென்ற் என்னும் படைத்தளபதி சென்னையிலிருந்து இதனைப் பிரித்தானியாவுக்குக் கொண்டு சென்றார். அங்கே இந்திய ஊமத்தைக்குப் பதிலாக அந்நாட்டில் வளரும் அதன் இனத்தாவரம் பயன்படுத்தப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஊமத்தைச் சுருட்டுகளும், எரித்துப் புகை பிடிக்கும் பொடிகளும் மருந்துக் கடைகளில் விற்கப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைக் கடந்தும் அவை வழக்கிலிருந்தன. ஊமத்தையிலுள்ள அத்திரோப்பீன் முதலிய காரப்போலிகள், நரம்பு நுனிகளிலே சுரக்கும் அசற்றைல்கோலீன் என்னும் பொருளின் செயலைத் தடுத்து மூச்சுக்குழற் தசையைத் தளர்த்துகின்றன என்பது பிற்கால விளக்கம். ஆயின் அதே காரப்போலிகள் வாயை உலர்த்துவன. பார்வையை மங்கச் செய்வன. அளவு மிஞ்சின் சித்தத்தைக் கலக்குவன. நிவாரணத்துக்கு ஒரு விலை உண்டு என்பதை இம்முதல் மருந்தே உணர்த்திற்று.

1860 ஆம் ஆண்டில் இலண்டன் வைத்தியரான ஹென்றி ஹைட் சோல்ற்றர் தொய்வு நோய் பற்றித் தாம் எழுதிய பெருநூலை வெளியிட்டார். அவர் தாமே அந்நோயாற் பீடிக்கப்பட்டவர். தொய்வின் அடிப்படை மூச்சுக்குழற் தசையின் இசிவே என்பது அவருடைய முடிபாகும். கடுங்கோப்பியைச் சிறந்த நிவாரணங்களுள் ஒன்றாக அவர் பரிந்துரைத்தார். கோப்பியிலுள்ள கபேயினோடு நெருங்கிய உறவுடைய தியோபிலின் என்னும் பொருளை 1888 ஆம் ஆண்டில் ஜேர்மனிய விஞ்ஞானி அல்பிறெக்ற் கொசெல் தேயிலையிலிருந்து பிரித்தெடுத்தார். தேயிலை என்னும் பொருள்பட அமைந்ததே அப்பெயர். 1895 இல் எமில் பிஷர் அதனைச் செயற்கையாகத் தொகுத்தார். 1922 அளவிலே அது தொய்வு நோயாளருக்கு வழங்கப்பட்டது. தேயிலையால் உலகறிந்த இலங்கையருக்கு இச்செய்தி சுவைதரக்கூடும். ஆயினும் ஒரு கோப்பைத் தேநீரிலுள்ள தியோபிலின் மிகச் சிறிதளவினதே என்பதையும், மருந்தாக விற்கப்பட்டது இரசாயன முறையில் தொகுக்கப்பட்டதே என்பதையும் மறத்தலாகாது. இம்மருந்திலும் பயன்தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைப்பட்ட தூரம் குறுகியதே.

இதே காலப்பகுதியில் சீன மருத்துவத்தின் மிகப் பழைய மூலிகைகளுள் ஒன்றான மா ஹுவாங் விஞ்ஞான ஆய்வுக்கு உட்பட்டது. யப்பானிய இரசாயனவியலாளரான நாகாய் நாகயோஷி 1885 இல் அதிலிருந்து எபிட்ரினைப் பிரித்தெடுத்தார். எனினும் நாற்பது ஆண்டுகளின் பின்னர், 1920 களின் நடுப்பகுதியில் பீக்கிங் நகரில் கே. கே. சென், கார்ள் ஷ்மித் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வுகளே அதனை உலக மருத்துவத்துள் கொண்டு வந்தன. ஊமத்தை, மா ஹுவாங் ஆகிய இரண்டும் ஆசிய மக்களின் அனுபவ அறிவிலிருந்து பிறந்தவை என்பது ஈண்டு நினைவு கூரற்பாலது.

சுரப்பியிலிருந்து கிடைத்த மருந்து

1894 இல் ஜோர்ஜ் ஒலிவர், எட்வேட் ஷேபர் ஆகிய இருவரும் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியின் சாற்றுக்குக் குருதி அமுக்கத்தை உயர்த்தும் ஆற்றல் உண்டெனக் காட்டினர். 1901 இல் யப்பானியரான தாக்கமினே ஜோக்கிச்சி அதன் செயற்படு பொருளைத் தூய பளிங்கு வடிவிற் பெற்றமையை அறிவித்தார். அதிரீனலின் எனப் பெயரிடப்பட்ட அப்பொருள் 1903 இல் நியூயோர்க்கிலே தொய்வு நோயாளருக்கு ஊசிமூலம் செலுத்தப்பட்டது. சில நிமிடங்களிலேயே மூச்சு சீராகியது. புகையும் கோப்பியும் அளித்த நிவாரணத்தோடு ஒப்பிடுமிடத்து இஃது ஒரு பெரும் பாய்ச்சலாகும். எனினும் வாய்வழி உட்கொண்டால் அதிரீனலின் பயன்தராது. ஊசிமூலம் ஏற்றினாலோ நெஞ்சு படபடக்கும், கைகள் நடுங்கும், குருதி அமுக்கம் உயரும்.

இக்குறைகளை நீக்க முயன்றோர் அதிரீனலினின் மூலக்கூற்றிலே சிறு மாற்றங்களைச் செய்தனர். அவ்வாறு உருவாகி, 1940 அளவிலே வியன்னாவில் ஹெறிபேட் கொன்செற் என்பாரால் ஆராயப்பட்டதே ஐசோபிரினலின். அது குருதி அமுக்கத்தை உயர்த்தாது மூச்சுக்குழலை விரித்தது. ஆயினும் இதயத்தை விரைந்து துடிக்கச் செய்தது. இதன் காரணத்தை விளக்குதற்கான திறவுகோலை 1948 இல் ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த றேமண்ட் ஆல்குவிஸ்ற் அளித்தார். அதிரீனலினுக்கு உடலில் அல்பா, பீற்றா என இருவகை வாங்கிகள் உண்டு என்பது அவருடைய கொள்கை. அக்காலத்தில் அதனைப் பெரிதாகப் பொருட்படுத்தியோர் சிலரே. 1967 இல் லான்ட்ஸ் என்பாரும் அவருடைய சகாக்களும் பீற்றா வாங்கிகளையும் இரண்டாகப் பகுத்தனர். இதயத்தில் முதலாம் வகையும் மூச்சுக்குழற் தசையில் இரண்டாம் வகையும் மேலோங்கி நிற்கின்றன. ஐசோபிரினலின் இரண்டையும் ஒருங்கே தூண்டுவதாலேயே மூச்சு விரிதலும் நெஞ்சு படபடத்தலும் ஒருசேர நிகழ்ந்தன.

சட்டைப்பையுள் வந்த நிவாரணம்

மருந்து மாறியது போலவே அதனைச் செலுத்தும் முறையும் மாறிற்று. அதுவரை மருந்தை நுண்துளிகளாக்கி உள்ளிழுக்க, இறப்பர்க் குமிழொன்றை அழுத்திச் செயற்படுத்தும் கண்ணாடிக் கருவிகளே இருந்தன. அவை இலகுவில் உடைவன. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு அளவு மருந்தைத் தருவன. ஐக்கிய அமெரிக்காவின் றைக்கர் ஆய்வுகூடத்தின் தலைவராயிருந்த ஜோர்ஜ் மெய்சனின் மகள் ஒரு தொய்வு நோயாளி. வாசனைத் திரவியங்களும் பிறவும் அமுக்கக் குப்பிகளிலே கிடைக்கும்போது தனது மருந்து மட்டும் ஏன் அவ்வாறு வரலாகாது என 1955 இல் அச்சிறுமி தந்தையிடம் வினவினாள் என்பர். அவ்வினாவே ஆய்வுகூடத்தின் பணியாயிற்று. ஒருமுறை அழுத்தினால் அளவிட்ட ஒரு பங்கு மருந்தை மாத்திரம் வெளிவிடும் வால்வு கொண்ட கருவி உருவாக்கப்பட்டு, 1956 ஆம் ஆண்டிலே அதிரீனலினையும் ஐசோபிரினலினையும் கொண்ட இரு வடிவங்களில் விற்பனைக்கு வந்தது. இன்று இன்ஹேலர் என யாவரும் அறிந்த கருவியின் தொடக்கம் இதுவே.

இக்கருவியின் வருகையால் நேர்ந்த மாற்றத்தைக் குறைத்து மதிப்பிடலாகாது. அதுவரை நள்ளிரவிலே மூச்சு முட்டிய ஒருவர் வைத்தியர் வந்து ஊசி ஏற்றும்வரை காத்திருக்க வேண்டியவரானார். இப்போது நிவாரணம் அவருடைய சட்டைப்பையுள் இருந்தது. நோயாளி தன் மூச்சுக்குத் தானே பொறுப்பாளியானார். பாடசாலைக்கும் தொழிலுக்கும் அஞ்சாது செல்ல முடிந்தது. இவை யாவும் மெய்யான நன்மைகளே. ஆயின் வைத்தியரை அழைக்க வேண்டிய தேவை குறைந்தபோது, நோய் முற்றுவதை வேறொருவர் கண்ணுற்று அறியும் வாய்ப்பும் உடன் குறைந்தது. இவ்விரண்டாவது விளைவை அக்காலத்தில் எவரும் எதிர்நோக்கியிருக்கவில்லை.

முதலாவது எச்சரிக்கை

இங்கிலாந்திலும் வேல்சிலும் தொய்வினால் ஏற்படும் இறப்பு வீதம் ஒரு நூற்றாண்டு காலம் பெரிதும் மாறாதிருந்தது. 1960 களின் தொடக்கத்திலிருந்து அது, சிறப்பாக இளவயதினரிடையே, சடுதியாக உயர்ந்தது. 10 முதல் 14 வயது வரையான சிறுவரிடையே ஏழாண்டுகளுக்குள் ஏறத்தாழ எட்டு மடங்கு உயர்வு காணப்பட்டது. 1966 இல் அவ்வயதினரின் மொத்த இறப்புகளில் நூற்றுக்கு ஏழு தொய்வினால் நேர்ந்தவை. பிராங் ஸ்பைசர், றிச்சாட் டோல், பீற்றர் ஹீவ் ஆகியோர் 1968 இல் இவ்வுயர்வை ஆராய்ந்து வெளியிட்டனர். புகைத்தலுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவியவர்களுள் ஒருவரான அதே டோல் இவராவர். இறப்புகளைப் பதியும் முறை மாறியதனாலோ, நோய் பரவியதனாலோ இவ்வுயர்வை விளக்க இயலாது என அவர்கள் காட்டினர். எஞ்சியது சிகிச்சையில் நேர்ந்த மாற்றமே. இறந்தோருள் மிகப் பெரும்பாலானோர் அமுக்கக் குப்பி மருந்தைப் பயன்படுத்தியிருந்தனர் என்பதும் தெரியவந்தது.

பிரித்தானிய மருந்துப் பாதுகாப்புக் குழு 1967 ஆம் ஆண்டில் வைத்தியர்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. 1968 இன் இறுதியில் இம்மருந்துகள் வைத்தியரின் சீட்டின்றி விற்கப்படுவது நிறுத்தப்பட்டது. 1969 இல் வில்லியம் இன்மன், ஏபிரகாம் அடல்ஸ்ரைன் ஆகிய இருவரும், விற்பனை ஏறியபோது இறப்பு ஏறியதையும் விற்பனை குறைந்தபோது இறப்பு குறைந்ததையும் ஆண்டுவாரியாக ஒப்பிட்டுக் காட்டினர்.

எனினும் ஒரு வினா எஞ்சி நின்றது. இத்தகைய கருவிகள் ஐக்கிய அமெரிக்காவிலும் பெருவாரியாக விற்கப்பட்டனவே. அங்கு ஏன் இறப்பு உயரவில்லை? 1972 இல் போல் ஸ்ரொலி அளித்த விடை எளிமையானது. பிரித்தானியா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, நோர்வே ஆகிய நாடுகளில் வழமையான அளவிலும் ஏறத்தாழ ஐந்து மடங்கு செறிவுள்ள ஐசோபிரினலின் விற்கப்பட்டது. இறப்பு உயர்ந்தவை அந்நாடுகளே. ஐக்கிய அமெரிக்காவில் அச்செறிவுள்ள வடிவத்துக்கு அனுமதி வழங்கப்பட்டிருக்கவில்லை.

மருந்து எவ்வாறு உயிரைப் பறித்தது என்பது பற்றி இருவேறு விளக்கங்கள் கூறப்பட்டன. மிகையான மருந்து, ஒட்சிசன் குறைந்த குருதியோடு துடித்துக்கொண்டிருந்த இதயத்தின் சந்தத்தைக் குலைத்தது என்பது ஒன்று. நிவாரணத்தை நம்பிய நோயாளர், வீக்கமும் சளியும் குழல்களை அடைத்த பின்னரே வைத்தியசாலையை நாடினர் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல. ஒருவர் மீண்டும் மீண்டும் குப்பியை அழுத்திக் காலம் தாழ்த்தும்போது அளவும் மிஞ்சுகின்றது, நோயும் முற்றுகின்றது.

தெரிந்து செயற்படும் மருந்தும் அதன் துணையும்

இங்கிலாந்தின் வெயர் நகரிலுள்ள அலன் அன்ட் ஹன்பரிஸ் ஆய்வுகூடத்தில் டேவிட் ஜக் என்பாரின் தலைமையில் இயங்கிய குழுவினர், இதயத்தை அதிகம் தீண்டாது மூச்சுக்குழலிலே செயற்படும் மருந்தொன்றைத் தேடினர். அவர்கள் கண்டெடுத்த சல்பியூட்டமோல் 1968 இல் விஞ்ஞான உலகுக்கு அறிவிக்கப்பட்டு, 1969 இல் வென்டோலின் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. சில நிமிடங்களிற் செயற்படத் தொடங்கி நான்கு முதல் ஆறு மணித்தியாலம் வரை நீடிக்கும் இம்மருந்து, குழல் விரிப்பு மருந்துகளின் வரலாற்றில் ஒரு சிகரம் என்பதில் ஐயமில்லை. அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அவசர சிகிச்சையில் அதன் இடம் நிலைத்துள்ளது.

அதே குழு 1972 இல் மற்றொரு மருந்தையும் உள்ளிழுப்பு வடிவில் வெளியிட்டது. அழற்சியைத் தணிக்கும் கோட்டிக்கோஸ்ரெரொயிட் வகையைச் சேர்ந்த பெக்லொமெதசோன் அதுவாகும். தொய்விலே உட்படையின் வீக்கமும் அழற்சியும் உண்டென்பது புதிய செய்தியன்று. வில்லியம் ஒஸ்லர் தமது 1892 ஆம் ஆண்டு மருத்துவ நூலிலேயே அவற்றைக் குறிப்பிட்டுள்ளார். கோட்டிசோன் கடுந்தொய்வில் பயன்தரும் என்பது 1956 இல் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபையின் பரிசோதனையால் நிறுவப்பட்டது. ஆயினும் அதனை நெடுங்காலம் உட்கொள்வதால் எலும்பு நலிதல் முதலிய கேடுகள் விளைந்தன. உள்ளிழுக்கும் வடிவம் அக்கேடுகளைப் பெரிதும் குறைத்தது.

ஆக, 1972 ஆம் ஆண்டளவிலே தசையைத் தளர்த்தும் மருந்தும் அழற்சியைத் தணிக்கும் மருந்தும் ஆகிய இரண்டும் ஒரே வகைக் குப்பியில் கிடைத்தன. நோயின் முழு இயல்புக்கும் ஏற்ற சிகிச்சை கைக்கெட்டியது. எனினும் இவ்விரண்டனுள் நோயாளரின் மனத்தைக் கவர்ந்தது முதலாவதே. அதனை இழுத்தவுடன் மாற்றம் தெரிந்தது. இரண்டாவதை நாள்தோறும் இழுத்தாலும் உடனே ஒன்றும் தெரிவதில்லை. நலமாக உள்ள நாளிலும் அதனைத் தவறாது பயன்படுத்த வேண்டும். உணரப்படும் பயனே நம்பிக்கையைப் பெறும் என்பது மனித இயல்பு. வைத்தியர்களும் இவ்வியல்புக்கு விலக்கானவர்களல்லர்.

நியூசிலாந்தின் அனுபவம்

முதலாவது துயரம் ஓய்ந்து பத்தாண்டுகள் கழியுமுன் இரண்டாவது தொடங்கிற்று. 1976 இலிருந்து நியூசிலாந்திலே தொய்வு இறப்பு சடுதியாக உயர்ந்தது. 1979 இல் 5 முதல் 34 வயது வரையானோரில் ஆண்டொன்றுக்கு இலட்சத்துக்கு ஏறத்தாழ நால்வர் இறந்தனர். ஏனைய நாடுகளில் இவ்வுயர்வு காணப்படவில்லை. 1981 இல் சிலர் தியோபிலினையும் பீற்றா வகை மருந்தையும் சேர்த்து வழங்கியமை காரணமாகலாம் என ஐயுற்றனர். தேசிய அளவில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு, நோயின் கடுமையை நோயாளரும் வைத்தியரும் குறைத்து மதிப்பிட்டமையைச் சுட்டிக்காட்டியது.

வெலிங்டன் நகரைச் சேர்ந்த ஜூலியன் கிறேன், நீல் பியர்ஸ், றிச்சாட் பீஸ்லி முதலிய இளம் ஆய்வாளர் வேறொரு திசையில் நோக்கினர். 1976 ஆம் ஆண்டிலேயே பெனொற்றெரோல் என்னும் மருந்து அந்நாட்டிற்கு அறிமுகமாகியிருந்தது. சல்பியூட்டமோல் ஒரு தடவைக்கு 100 மைக்கிரோகிராம் வெளிவிட, இதுவோ 200 மைக்கிரோகிராம் வெளிவிட்டது. இறந்த 117 பேரையும், தொய்வுக்காக வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டுப் பிழைத்த 468 பேரையும் அவர்கள் ஒப்பிட்டு, முடிபுகளை 1989 ஏப்பிரலில் வெளியிட்டனர். பெனொற்றெரோல் வழங்கப்பட்டோரிடையே இறப்பு அபாயம் கூடுதலாகக் காணப்பட்டது.

எதிர்ப்பு உடனே எழுந்தது. நோய் கடுமையானவர்களுக்கே வைத்தியர் இம்மருந்தைத் தெரிந்து வழங்கினர். எனவே அவர்கள் கூடுதலாக இறந்தமைக்கு நோயின் கடுமையே காரணம், மருந்தன்று என்பது எதிர்வாதத்தின் சாரமாகும். இது புறக்கணிக்கத்தக்க வாதமன்று. மருந்து பற்றிய அவதானிப்பு ஆய்வுகள் அனைத்தும் எதிர்கொள்ள வேண்டிய வாதம் அது. அதற்கு வெலிங்டன் ஆய்வாளர் அளித்த விடை தர்க்கச் செறிவுடையது. கடுமையே காரணமாயின், கடும் நோயாளரை மட்டும் தனியே எடுத்து ஒப்பிடும்போது இரு மருந்துகளுக்கும் இடையிலான வேறுபாடு மறைதல் வேண்டும். தரவுகளோ அதற்கு மாறாக, கடும் நோயாளரிடையே வேறுபாடு மேலும் பெருகியதைக் காட்டின. அடுத்த ஈராண்டுகளில் அக்குழுவினரே நடத்திய இரு ஆய்வுகளும் அதே திசையைச் சுட்டின. அரசாங்கம் இம்மருந்தின் பாவனையைக் கட்டுப்படுத்தியது. அதன் பாவனை மிகக் குறைந்தது. தொய்வு இறப்பும் ஏறத்தாழப் பாதியாயிற்று. இதே காலத்தில் உள்ளிழுக்கும் ஸ்ரெரொயிட்டின் பாவனை கூடியமையே வீழ்ச்சிக்குக் காரணம் என வாதிடுவோரும் உளர். அவ்வாதம் பெனொற்றெரோலை முற்றாக விடுவிக்குமோ என்பது ஐயத்துக்குரியது. ஆயினும் அழற்சிக்குச் சிகிச்சை அளியாது குழலை மட்டும் விரித்தல் ஆபத்தானது என்பதில் இரு சாராரும் ஒன்றுபடுகின்றனர் என்பது கவனிக்கத்தக்கது.

கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணத் தரவுகள் இதனை மேலும் வலியுறுத்தின. 1992 இல் வெளியான ஆய்வு, பீற்றா வகைக் குப்பிகளை மிகுதியாகப் பயன்படுத்தியோரிடையே இறப்பு அபாயம் உயர்வதைக் காட்டியது. பெனொற்றெரோலில் மட்டுமன்றிச் சல்பியூட்டமோலிலும் இத்தொடர்பு காணப்பட்டது. 2000 ஆம் ஆண்டில் சாமி சுயிசாவும் அவருடைய சகாக்களும் அதே மாகாணத் தரவுகளிலிருந்து பெற்ற முடிபோ மறுபக்கத்தைக் காட்டியது. முந்திய ஓராண்டில் பயன்படுத்தப்பட்ட ஒவ்வொரு மேலதிக ஸ்ரெரொயிட் குப்பிக்கும் இறப்பு வீதம் 21 சதவீதம் குறைந்தது.

நெடுநேர மருந்தும் புதிய முடிபும்

1990 இல் பன்னிரண்டு மணித்தியாலம் செயற்படும் சல்மெற்றெரோல் பிரித்தானியாவில் வெளிவந்தது. கடந்தகால அனுபவத்தின் நிழல் அதனையும் தொடர்ந்தது. ஐக்கிய அமெரிக்காவில் 1996 இல் தொடங்கி 26,000 பேரளவில் உள்ளடக்கிய பரிசோதனையொன்று 2003 இல் இடைநடுவே நிறுத்தப்பட்டது. சல்மெற்றெரோல் பெற்றோருள் 13 பேரும் வெற்று மருந்து பெற்றோருள் மூவரும் தொய்வினால் இறந்திருந்தனர். மருந்துறையில் கடும் எச்சரிக்கை அச்சிடப்பட்டது. ஆயின் பின்னர் நடந்த பெரும் பரிசோதனைகள், இம்மருந்தை ஸ்ரெரொயிட்டுடன் ஒரே குப்பியிற் சேர்த்து வழங்கும்போது அவ்வாபத்து புலப்படுவதில்லை எனக் காட்டின. 2017 இறுதியில் சேர்க்கை மருந்துகளின் உறையிலிருந்து அவ்வெச்சரிக்கை நீக்கப்பட்டது. மருந்து மாறவில்லை, அது தனித்து வழங்கப்படுகின்றதா, துணையோடு வழங்கப்படுகின்றதா என்பதே மாறியது.

2014 இல் பிரித்தானிய அரச வைத்தியர் கல்லூரி வெளியிட்ட அறிக்கை இவ்வரலாற்றின் பழைய பாடம் இன்னும் கற்கப்படாதிருந்தமையை வெளிப்படுத்தியது. தொய்வினால் நேர்ந்த 195 இறப்புகள் ஆராயப்பட்டன. நிவாரணக் குப்பிகள் பெற்ற எண்ணிக்கை பதிவாகியிருந்த நோயாளருள் நூற்றுக்கு 39 பேர், இறப்புக்கு முந்திய ஓராண்டில் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட நிவாரணக் குப்பிகளைப் பெற்றிருந்தனர். மாதமொன்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குப்பி தீர்ந்துபோதல், நோய் கட்டுக்குள் இல்லை என்பதற்கு ஓர் அறிகுறியாகும். அவ்வறிகுறி பதிவேடுகளிலே இருந்தது. அதனைப் படித்துணர்ந்தோர் இலர்.

நோயாளர் விரும்பும் நிவாரணத்துடனேயே அவர் மறக்கும் சிகிச்சையையும் பிணைத்துவிட்டால் என்ன என்ற எண்ணம் இதற்கிடையே வலுப்பெற்றது. போமொற்றெரோல் என்னும் மருந்து விரைவாகச் செயற்படுவதோடு நெடுநேரம் நீடிப்பதுமாகும். அதனைப் பியூடெசொனைட் என்னும் ஸ்ரெரொயிட்டுடன் சேர்த்து, மூச்சு முட்டும்போது மட்டும் பயன்படுத்தும் முறை பரிசோதிக்கப்பட்டது. நிவாரணத்துக்காக நோயாளி எத்தனை முறை இழுக்கின்றாரோ அத்தனை முறையும் அழற்சிக்கான மருந்தும் உட்செல்கின்றது. 2018, 2019 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த முடிபுகள், இலேசான தொய்விற்கூட, சல்பியூட்டமோல் போன்ற மருந்தைத் தனித்துப் பயன்படுத்துவதிலும் இம்முறை கடுந்தாக்குதல்களை வெகுவாகக் குறைப்பதைக் காட்டின. இவற்றுள் ஒன்றுக்குத் தலைமை வகித்தவர், முப்பதாண்டுகளுக்கு முன் பெனொற்றெரோலை ஆராய்ந்த வெலிங்டன் குழுவைச் சேர்ந்த அதே றிச்சாட் பீஸ்லி ஆவார். 2019 ஏப்பிரலில் தொய்வு நோய்க்கான உலக வழிகாட்டல் அமைப்பு, வளர்ந்தோர்க்கும் கட்டிளம் பருவத்தினர்க்கும் குறுநேரக் குழல் விரிப்பு மருந்தை மட்டும் தனித்து வழங்குவதை இனிப் பரிந்துரைப்பதில்லை என அறிவித்தது. ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் நிலைத்திருந்த வழக்கம் அவ்வாறு கைவிடப்பட்டது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில உண்மைகள் தெளிவாகின்றன. ஊமத்தைப் புகை முதல் சல்மெற்றெரோல் வரை ஒவ்வொரு மருந்தும் குழலை எவ்வளவு விரைவாக, எவ்வளவு நேரம் விரிக்கின்றது என்ற அளவுகோலாலேயே மதிப்பிடப்பட்டது. அவ்வளவுகோல் பொய்யன்று, ஆயின் முழுமையானதுமன்று. அளக்க எளிதானதும் உணர எளிதானதும் எதுவோ, அதுவே நோய் என மயங்கியதன் விலையைப் பெரிதும் செலுத்தியோர் இளவயதினராவர். அவ்விலையை வெளிக்கொணர்ந்தது, இறப்புகளை எண்ணி ஒப்பிட்ட புள்ளிவிபர ஆய்வாகும். தனியொரு வைத்தியரின் அனுபவத்தில் மருந்து எப்போதும் பயன்தருவதாகவே தோன்றியது. இறந்தவர் அவ்வனுபவத்துக்கு வெளியே போய்விட்டமையே அதற்குக் காரணம்.

இவ்வரலாற்றிலிருந்து குழல் விரிப்பு மருந்துகள் தீயன என்ற முடிபுக்கு வருவது பெருந்தவறாகும். மூச்சு முட்டும் வேளையில் அவற்றை ஒத்த துணை வேறில்லை. அவ்வேளையில் அவற்றைத் தவிர்த்தலும் உயிருக்கு ஆபத்தாகும். அவற்றை அடிக்கடி நாட நேர்வது நோய் முற்றுவதன் செய்தி என்பதை உணர்தலே வேண்டப்படுவது. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2019 ஆம் ஆண்டில் 26 கோடிக்கு மேற்பட்டோர் தொய்வினால் பாதிக்கப்பட்டிருந்தனர்; 4,55,000 பேர் இறந்தனர். இவ்விறப்புகளில் பெரும்பாலானவை வருமானம் குறைந்த நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் நிகழ்கின்றன. மலிவான நிவாரணக் குப்பி கிடைத்தும், அழற்சியைத் தணிக்கும் குப்பியை வாங்க இயலாத நோயாளர் அங்கே பலர். 1960 களிலே அறியாமையால் நேர்ந்தது இன்று வறுமையால் நேர்கின்றது. நிவாரணம் வேறு, நோய்க்கான சிகிச்சை வேறு என்பதை மருத்துவ விஞ்ஞானம் கற்றுக்கொள்ளப் பல்லாண்டுகள் சென்றன. அவ்விரண்டையும் எல்லா நோயாளரும் பெறச் செய்வது விஞ்ஞானத்தின் பணி மட்டுமன்று, சமுதாயத்தின் பணியுமாகும்.